ஹவர் மீட்டர் எண்ணாத உப்பு: விசைப்படகு எஞ்சின் செலவை ஏற்றும் தவறுகள்

படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு 100 மணி நேர ஓட்டம் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ். சிங்கப்பூரில் வார இறுதியில் மட்டும் லாசரஸ் தீவு, உபின் என்று போய்வரும் படகுக்கு 100 மணி நேரம் சேர இரண்டு மூன்று ஆண்டுகூட ஆகலாம். "மீட்டர் இன்னும் 40தானே காட்டுகிறது" என்று தள்ளிப்போடுவதுதான் இங்கே எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. நிறுத்தி வைத்த எஞ்சினையும் உப்பு அரிக்கிறது. நம் கடல் ஆண்டு முழுக்கக் கதகதப்பானது, படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரியான கொட்டலசுக்கும் ஓய்வு கிடையாது.

கரை திரும்பியதும் 10 முதல் 15 நிமிடம் நன்னீர் விட்டு அலசுங்கள். அலசாமல் போனால், குளிர்நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சுற்றி உப்பு கெட்டிப்படும். குழாயை எஞ்சினின் அலசும் துளையில் மாட்டினால், பல மாடல்களில் எஞ்சினை ஓட்டவே கூடாது. ஓட்டினால் கீழே இருக்கும் பம்ப் வறண்டு, அதனுள் தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரமான ரப்பர் இம்பெல்லர் கருகும். கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இம்பெல்லர் இதழ் உடைந்திருந்தால் புதியதைப் போட்டு மூடிவிடக் கூடாது. உடைந்த துண்டுகளை எடுத்துப் பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது குளிர்நீர்ப் பாதையில் எங்கோ அடைத்திருக்கிறது. அடுத்த பயணத்தில் எஞ்சின் சூடாகும்.

கியர் எண்ணெயைத்தான் பலர் கண்டுகொள்வதே இல்லை. தூண்டில் நரம்பு ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு தண்டின் சீலை (தண்ணீர் கியர் பெட்டிக்குள் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) அறுத்துவிடும். ப்ரொப்பெல்லரைக் கழற்றி, வாஷருக்குப் பின்னால் நரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். சீல் அறுந்திருந்தால், படகை ஓர் இரவு நிறுத்திவிட்டு கியர் பெட்டியின் அடித்திருகைத் திறக்கும்போது முதலில் தண்ணீர் சொட்டும், அல்லது எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வரும். இரண்டில் எது வந்தாலும் சீல் போய்விட்டது. எண்ணெயை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் மறுபடியும் அதே கதைதான். அழுத்தச் சோதனை செய்து, கசியும் சீலை மாற்றிய பிறகே நிரப்புங்கள். கீழ்த்துளை வழியாகச் செலுத்தி, மேல்துளையில் குமிழியில்லாமல் வரும்வரை விடவேண்டும். இரண்டு திருகுகளுக்கும் புது கேஸ்கெட் அவசியம்.

எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரையும் உலோகக் கட்டிதான் அனோடு; பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

வேகத்துக்காகப் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்) கூடிய ப்ரொப்பெல்லரைப் போடுவது இன்னொரு தவறு. கையேடு முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று கேட்கும்போது, வழக்கமான ஆட்களும் எரிபொருளும் ஏற்றிய படகு 4,700ஐத் தாண்டவில்லையென்றால் எஞ்சின் திணறுகிறது என்று பொருள். பிஸ்டனில் கரி படியும், வெப்பம் ஏறும். பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும்.

படகின் உள்ளே பொருத்தி, கடல்நீரிலேயே நேரடியாகக் குளிரும் இன்போர்டு எஞ்சின் என்றால், புகையும் குளிர்நீரும் வெளியேறும் எக்ஸாஸ்ட் ரைசர்மீது கண் வையுங்கள். வார்ப்பிரும்பு உள்ளிருந்து அரிக்கும். வெளிப்பூச்சோ புதுசு போலவே இருக்கும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். பிஸ்டன் அழுத்தினாலும் தண்ணீர் சுருங்காது, அதனால் அடுத்த ஸ்டார்ட்டில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். ஆண்டுக்கொருமுறை ரைசரைக் கழற்றி, இணைப்பு முகத்தில் துருக்கோடு ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள்.