டீசல் கார் சிலிண்டர் ஹெட் கழட்டி மாட்டுறது எப்படி: கடலூர், பாண்டி பக்கம் வண்டி வச்சிருக்கவங்களுக்கு

ரிசர்வ் டப்பால கூலன்ட் குறையுதுன்னு தெரிஞ்ச உடனே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் அடில இருக்கிற இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல இறுக்கி வைக்கிற தகடு) போச்சுன்னு முடிவு கட்டி ஸ்பேனர எடுத்துடாதீங்க. டீசல் இன்ஜின்ல தண்ணி காணாம போக வேற வழியும் இருக்கு. ஈஜிஆர் கூலர் (புகைல கொஞ்சத்தை ஆற வச்சு திரும்ப இன்ஜினுக்கே அனுப்புற பாகம்) உள்ள ஓட்டையானா தண்ணி புகையோட சேர்ந்து சைலன்சர் வழியா போயிடும், ஆயில் கூலர் போனா கூலன்ட்ல ஆயில் மிதக்கும், ரெண்டுக்கும் ஹெட்டைத் தொடவே வேணாம். ஹெட் கேஸ்கெட்தான்னு நான் நம்புறது எப்போன்னா, நல்லா ஆறின வண்டில மூடியத் தொறந்து வச்சு ஸ்டார்ட் பண்ண உடனே பபுள்ஸ் நிக்காம வருது, தண்ணி சூடாகறதுக்கு முன்னாடியே ரேடியேட்டர் மேல் ஹோஸ் அமுக்க முடியாத அளவுக்கு இறுகிடுது, காலைல முதல் ஸ்டார்ட்ல ஒரு சிலிண்டர் மிஸ் அடிச்சு வெள்ளப் புகை தள்ளிட்டு அப்புறம் சரியாகுது, இதுல ஏதாவது ரெண்டாச்சும் சேர்ந்து இருக்கணும். ஆயில் மூடிக்குள்ள மோர் மாதிரி படிஞ்சிருந்தா மட்டும் பயப்படாதீங்க, பக்கத்துல பக்கத்துல மட்டும் ஓட்டுற வண்டில மழைக்காலத்துல அது சாதாரணமா வரும், டிப் ஸ்டிக்லயும் அதே கலர் இருந்தாதான் விஷயம் பெருசு.

கேஸ்கெட் தானா போகாது, ஏதோ ஒண்ணு அதைக் கொன்னிருக்கும். அதைக் கண்டுபிடிக்காம புதுசு மாட்டினா அதுவும் போகும். நம்ம பக்கம் எனக்குத் தெரிஞ்ச பெரிய வில்லன் போர் தண்ணி. கடலூர் ஓடி, அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம்னு கடலை ஒட்டின பக்கம் நெறைய இடத்துல போர் தண்ணி உப்பு, அதைக் குடிக்க மாட்டோம் ஆனா ரேடியேட்டர்ல மட்டும் தயங்காம ஊத்துறோம். ஹெட் அலுமினியம், உப்புத் தண்ணி அலுமினியத்தை அரிக்கும், தண்ணி ஓட்டையச் சுத்தி கேஸ்கெட் உக்கார்ற இடமே குழி விழுந்து போயிடும். இன்னொரு பக்கம் உள்ள செதில் படிஞ்சு சூடு வெளில போக முடியாம ஹெட் வளையும். அதனால ஹெட் வேலை ஆரம்பிக்கும்போதே ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் ஓடுதா இதெல்லாம் சேர்த்துப் பாருங்க.

வேலைக்கு முன்னாடி உங்க இன்ஜினோட ஒர்க்ஷாப் மேனுவல் கைல இருக்கணும். இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பழைய இண்டிகாவோட 1405 சிசி இன்ஜின் டைமிங் பெல்ட், ஸ்விஃப்ட்ல வந்த 1248 சிசி இன்ஜின் டைமிங் செயின், ஒண்ணோட அளவு இன்னொண்ணுக்கு ஆகாது. டார்க் (போல்ட்டை எவ்வளவு பலத்துல திருகணும்ங்கிற அளவு), போல்ட் ஆர்டர், கேஸ்கெட் தடிப்பு எல்லாம் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். டூல்ஸ்ல டார்க் ரெஞ்ச், ஆங்கிள் கேஜ், ஃபீலர் கேஜ், நேரா இருக்கிற ஸ்டீல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ், டயல் கேஜ், அந்த இன்ஜினுக்கான டைமிங் லாக் பின் செட் எல்லாம் வேணும், இதுல எதுவுமே இல்லாம "அனுபவத்துல பாத்துக்கலாம்"னு சொல்றவங்ககிட்ட வண்டியக் குடுக்காதீங்க. மேல கூரை இருக்கிற இடமா பாத்துக்கோங்க, ஐப்பசி கார்த்திகைல தொறந்தவெளில இன்ஜினைப் பிரிச்சுப் போடுறது வேணவே வேணாம்.

இன்ஜின் முழுசா ஆறணும், ராத்திரி நிறுத்தி காலைல தொடங்குறதுதான் சரி, சூட்டோட ஹெட் போல்ட்டை லூஸ் பண்ணா ஹெட் வளைஞ்சிடும். பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க, கூலன்ட்டையும் ஆயிலையும் வடிச்சிடுங்க. வடிச்ச கூலன்ட்டை வாளியோட வெளில வச்சிடாதீங்க, இனிப்பா இருக்கும்னு நாய், பூனை குடிச்சிட்டு செத்துப்போகும். ஏசி கம்ப்ரஸர் குறுக்க வந்தா பைப்பைக் கழட்டாம போல்ட்டை மட்டும் எடுத்து ஓரமா கட்டி வச்சா கேஸ் வீணாகாது. ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் போன்ல போட்டோ எடுங்க, ஒயர் எந்த வழியா போச்சு, கிளாம்ப் எந்தப் பக்கம் பாத்துச்சுன்னு, மாட்டும்போது அதுதான் துணை.

காமன் ரெயில் வண்டின்னா (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல இருந்து டீசல் போற வண்டி) ஓடும்போது அந்த ரெயில் குழாய்ல பிரஷர் ஆயிரம் பாருக்கு மேல கூட போகும், இன்ஜின் ஓடும்போது எந்த பைப் நட்டையும் லூஸ் பண்ணாதீங்க, அந்த டீசல் தோலைத் துளைச்சு உள்ள போனா விரலையே எடுக்க வேண்டி வரலாம். பைப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிற தூசியத் தொடச்சிட்டு, கழட்டின நிமிஷமே ரெயில், இன்ஜெக்டர், பம்ப் எல்லா வாயையும் மூடி போட்டு அடைச்சிடுங்க, ஒரு மணல் துகள் போதும் இன்ஜெக்டர் காலி. இன்ஜெக்டர் எந்த சிலிண்டர்ல இருந்துச்சோ அதுலயே திரும்பப் போகணும், ஒவ்வொண்ணுக்கும் கோட் இருக்கும், ஈசியூல (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) அந்த சிலிண்டர் பேர்ல ஏத்தியிருக்கும். கார்பன் பிடிச்சு வரலைன்னா ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பாதீங்க, பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஊற வச்சு, லேசா இப்படி அப்படி திருப்பி, அப்புறம் புல்லர் போடுங்க. ஹீட்டர் பிளக்கும் (ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடாக்குற பிளக்) அப்படித்தான், நம்ம உப்புக் காத்துல துரு ஏறி உக்காந்திருக்கும், பலமா திருகினா உள்ளயே உடையும், உடைஞ்சா அதை எடுக்கிற வேலை ஹெட் வேலைய விட பெருசு.

டைமிங்க (பிஸ்டனை ஓட்டுற கிராங்க்கும் வால்வைத் தொறக்கிற கேமும் சேர்ந்து சுத்துற ஒழுங்கு) லாக் பண்ணாம செயினையோ பெல்ட்டையோ தொடாதீங்க. கிராங்க்கை எப்பவும் ஓடுற திசைல மட்டும் ரெஞ்ச் போட்டு சுத்துங்க, மேனுவல் சொல்ற இடத்துல கிராங்க்குக்கும் கேமுக்கும் பின் போடுங்க. நெறைய இன்ஜின்ல கேம் கியர்ல அதை இடத்துல நிறுத்துற சாவி வெட்டு (கீவே) இருக்காது, போல்ட்டோட பிடியில மட்டும்தான் நிக்குது, பெயின்ட் மார்க் போட்டு சமாளிக்கிறது அங்க எடுபடாது. டீசல்ல வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைல இடமே கிடையாது, டைமிங் தப்பினா வால்வு பிஸ்டன்ல இடிக்கும்.

ஹெட் போல்ட்டை வெளி ஓரத்துல இருந்து நடுவுக்கு வர்ற மாதிரி, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா மூணு நாலு சுத்துல லூஸ் பண்ணுங்க. எல்லா போல்ட்டும் வந்துட்டு ஹெட் அசையலைன்னா, எங்கயோ ஒரு போல்ட்டோ பிராக்கெட்டோ மறந்திருக்கு, தேடுங்க, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல உளி விட்டு நெம்பினா அந்தக் கீறல் வழியாவே நாளைக்கு லீக்காகும். ரெண்டு பேரா நேரா மேல தூக்கி, ரெண்டு மரக்கட்டை மேல வைங்க. முகம் கீழ பாக்க தரையில வச்சா வெளில நீட்டிட்டு இருக்கிற வால்வோ ஹீட்டர் பிளக்கோ வளையும்.

இப்போ பழைய கேஸ்கெட்டை உடனே தூக்கிப் போடாதீங்க, எல்லா கதையும் அதுல இருக்கு. ஃபயர் ரிங்ல (கேஸ்கெட்ல சிலிண்டர் ஓட்டையச் சுத்தி இருக்கிற வளையம்) எந்த இடத்துல கருப்பா கோடு ஓடியிருக்கோ கேஸ் அந்த வழியாத்தான் போயிருக்கு, ரெண்டு சிலிண்டருக்கு நடுவுலயா, தண்ணி ஓட்டைக்கா, வெளிலயான்னு பாத்து, ஹெட்லயும் பிளாக்லயும் அதே இடத்தை நல்ல வெளிச்சத்துல பாருங்க. பிஸ்டன்ல ஒண்ணு மட்டும் கார்பன் இல்லாம பளிச்சுன்னு கழுவி விட்ட மாதிரி இருந்தா, தண்ணி அந்த சிலிண்டருக்குள்ளதான் போயிருக்கு.

சுத்தம் பண்றதுல பொறுமை வேணும், பாதி ஹெட் வேலை இங்கதான் கெட்டுப் போகுது. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், கேஸ்கெட் ரிமூவர் ஸ்பிரே, பொறுமையா பிளேடு, அவ்வளவுதான். கிரைண்டர்ல எமரி டிஸ்க், ஸ்காட்ச் டிஸ்க் மாட்டி பிளாக்கைத் தேய்க்கவே கூடாது, அதுல இருந்து பறக்கிற துகள் ஆயில் ஓட்டை வழியா இறங்கி பேரிங்கைத் தின்னுடும், அலுமினியத்துலயும் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். சிலிண்டருக்குள்ளயும் ஆயில், தண்ணி ஓட்டைலயும் துணி அடைச்சிட்டு வேலை செய்ங்க, அடைச்ச துணிய எண்ணி வச்சுக்கோங்க. போல்ட் ஓட்டை ஒவ்வொண்ணுலயும் இருக்கிற ஆயிலையும் தண்ணியையும் ஏர் அடிச்சு முழுசா வெளியேத்துங்க, கண்ணாடி போட்டுக்கோங்க முகத்துல தெறிக்கும். அடில ஆயில் நின்னுட்டு போல்ட் இறங்கினா ஆயில் போக வழியில்லாம பிளாக்கே வெடிப்பு விடும், டார்க்கும் பொய்யா காட்டும்.

அடுத்து அளவு. ஸ்ட்ரெய்ட் எட்ஜை ஹெட் மேல நீளமா, குறுக்கா, ரெண்டு மூலைவிட்டத்துலயும் வச்சு அடில ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க, பிளாக்கையும் அதே மாதிரி. 0.05 மிமீ தகடு எங்கயாவது தாராளமா போச்சுன்னா சந்தேகம்தான், 0.10 மிமீ போச்சுன்னா அந்த ஹெட்டை அப்படியே மாட்ட முடியாது, சரியான லிமிட் மேனுவல்ல இருக்கும். அங்கதான் ஒரு சிக்கல், நெறைய டீசல் ஹெட்டை ஃபேஸ் அடிக்க (அடிப்பக்கத்தைச் சீவி சமமாக்க) கம்பெனியே அனுமதிக்கறதில்ல, அடிச்சா வால்வு பிஸ்டனை நெருங்கிடும், கம்ப்ரஷனும் ஏறிடும். லேத்ல "கொஞ்சம் எடுத்தா ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னாலும் முதல்ல உங்க மேனுவலைப் பாருங்க. பாண்டில மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி பக்கம் லேத்ல குடுத்தா ஃபேஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் கேளுங்க, தண்ணி வழிய அடைச்சு உள்ள காத்து ஏத்தி சுடு தண்ணில முக்கினா வெடிப்பு இருக்கிற இடத்துல பபுள்ஸ் வரும், ஆறின ஹெட்ல மூடியிருக்கிற வெடிப்பு சூட்டுலதான் தொறக்கும், அதனால சுடு தண்ணிதான் வேணும். வால்வு சரியா உக்காருதான்னு பாக்க ஹெட்டைக் கவுத்து வால்வு மேல மண்ணெண்ணெயோ டீசலோ ஊத்தி கொஞ்ச நேரம் விடுங்க, போர்ட் பக்கம் கசிஞ்சா லேப்பிங் (வால்வை அது உக்கார்ற இடத்துல பேஸ்ட் வச்சுத் தேய்க்கிறது) பண்ணணும்.

பிஸ்டன் புரொட்ரூஷனை அளக்காம கேஸ்கெட் வாங்காதீங்க. பிஸ்டன் உச்சில இருக்கும்போது பிளாக்கை விட எவ்வளவு மேல நீட்டுதுன்னு டயல் கேஜ் வச்சு நாலு சிலிண்டரும் அளக்கணும், பெரிய அளவு எதுவோ அதுக்கு ஏத்த தடிப்புல கேஸ்கெட் போடணும், தடிப்பு எதுன்னு கேஸ்கெட் ஓரத்துல இருக்கிற வெட்டையோ ஓட்டையையோ எண்ணித் தெரிஞ்சுக்கலாம். பழைய கேஸ்கெட்டைக் காட்டி அதே மாதிரி கேட்டா பெரும்பாலும் சரியா வரும், ஆனா முன்னாடி யாராவது தப்பா போட்டிருந்தா அதே தப்பு தொடரும். இந்த அளவு இன்னொரு விஷயத்தையும் காட்டிக் குடுக்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரை கடந்தப்போ இங்க தெருவெல்லாம் தண்ணி நின்னுச்சு, அந்தத் தண்ணில ஓட்டின வண்டி இன்ஜின் தண்ணி குடிச்சிருந்தா கனெக்டிங் ராடு லேசா வளைஞ்சிருக்கலாம், வண்டி ஓடும், புகை வரும், காரணம் பிடிபடாது. ஒரு பிஸ்டன் மட்டும் மத்ததை விட தாழ இருந்துச்சுன்னா ஹெட்டை மாட்டாதீங்க, ராடைப் பாருங்க. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டில இதைக் கட்டாயம் பாக்கணும்.

மாட்டும்போது பிஸ்டன் நாலும் பாதி உயரத்துல நிக்கிற மாதிரி கிராங்க்கை வைங்க, மேனுவல் வேற சொன்னா அதுபடி. ஹெட்டைச் சரியான இடத்துல உக்கார வைக்கிற கைடு டவல் பின் ரெண்டும் பிளாக்ல இருக்கான்னு பாத்து, கேஸ்கெட்டை மேல்பக்க மார்க் தெரியிற மாதிரி காஞ்ச நிலைல வைங்க, கிரீஸ், பசை, சிலிக்கான் எதுவும் கூடாது, டைமிங் கவர் சேர்ற மூலைல மட்டும் சில இன்ஜினுக்கு ஒரு பொட்டு சீலன்ட் சொல்லியிருப்பாங்க. ஹெட்டை நேரா இறக்குங்க, கேஸ்கெட் மேல வச்சுத் தள்ளாதீங்க. போல்ட் புதுசுதான், ஆங்கிள்ல டைட் பண்ற போல்ட் ஒரு தடவை இழுபட்டா முடிஞ்சது, பழசு பளபளன்னு இருந்தாலும் அதுக்குப் பிடி கிடையாது. நடுவுல இருந்து வெளிப்பக்கமா மேனுவல் ஆர்டர்ல, உதாரணத்துக்கு முதல்ல 40 நியூட்டன் மீட்டர், அப்புறம் 90 டிகிரி, திரும்ப 90 டிகிரின்னு இருக்கும், ஒரு ஸ்டேஜை எல்லா போல்ட்டுக்கும் முடிச்சிட்டுதான் அடுத்தது. முடிச்ச போல்ட்ல ஸ்கெட்ச் பேனால கோடு போடுங்க, நடுவுல போன் வந்தா எடுக்காதீங்க.

டைமிங் சேர்த்து லாக் பின் எல்லாம் எடுத்துட்டு, கிராங்க்கைக் கையால ரெண்டு முழுச் சுத்து சுத்துங்க. எங்கயாவது தட்டுச்சுன்னா அங்கயே நிறுத்தணும், பலம் குடுத்துத் தாண்டக் கூடாது. திரும்பப் பின் போட்டா சரியா உக்காரணும். இன்ஜெக்டருக்குக் காப்பர் வாஷர் புதுசு, அது உக்கார்ற குழிலயும் கார்பன் இருக்கக் கூடாது, பழைய வாஷரோட மாட்டினா சுத்தி கேஸ் கசிஞ்சு தார் மாதிரி கட்டிக்கும். இன்டேக் மேனிஃபோல்ட் வெளில இருக்கும்போதே ஈஜிஆர் கரிய சுரண்டி எடுத்துடுங்க. ஆயிலும் ஃபில்டரும் புதுசு. ஹைட்ராலிக் டேப்பட் (ஆயில் பிரஷர்ல வால்வு இடைவெளிய தானா சரி பண்ணிக்கிறது) இருக்கிற இன்ஜின்னா மாட்டின உடனே ஸ்டார்ட் அடிக்காம அரை மணி நேரம் விடுங்க.

கூலன்ட் டிஸ்டில்டு வாட்டர்ல கலந்தது இல்ல ரெடிமிக்ஸ், ஏர் ஸ்க்ரூவைத் தொறந்து, ஹீட்டரை ஃபுல்ல வச்சு, மெதுவா ஊத்துங்க. டீசல் லைன்ல ஏர் எடுக்க ஹேண்ட் பம்ப் இருந்தா அது கெட்டியாகுற வரைக்கும் அடிங்க, டேங்க்ல எலக்ட்ரிக் பம்ப் இருந்தா சாவிய நாலஞ்சு தடவை ஆன் ஆஃப் பண்ணுங்க. செல்ஃபை விடாம அடிக்காம விட்டு விட்டு அடிங்க. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் தடதடன்னு சத்தம் வரும், டேப்பட்ல ஆயில் ஏறினா அடங்கிடும், ஆயில் லைட் அணையலைன்னா உடனே நிறுத்துங்க. ஃபேன் ஒரு தடவை ஓடி நிக்கிற வரைக்கும் ஐடில்ல விட்டு, ஹீட்டர்ல சூடா காத்து வருதா, கீழ் ரேடியேட்டர் ஹோஸ் சூடாச்சா, எங்கயாவது சொட்டுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ராத்திரி முழுக்க ஆற விட்டு காலைல லெவல் பாத்து டாப் அப் பண்ணிட்டு, முதல் ஓட்டத்தைப் பாண்டி கடலூர் ரோட்டுலயே வச்சுக்கோங்க, டெம்பரேச்சர் முள்ளைப் பாத்துக்கிட்டே மெதுவா போங்க. ஆங்கிள்ல டைட் பண்ணின போல்ட்டை அப்புறம் திரும்ப டைட் பண்ணக் கூடாது, மேனுவல் கேட்டா மட்டும்தான்.