வேன் கேபினில் கீச் சத்தமா? ஸ்பிரேயை எடுக்குமுன் கையை வைத்துப் பாருங்கள்

பழைய 12 சீட்டு வேன் ஒன்றை வாங்கி, பின்னால் படுக்கை, அடுப்பு மேடை, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து ஓடும் வீடாக்கிக்கொண்டவன் நான். கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பினால் காவேரிப்பட்டினம் தாண்டுவதற்குள் முன்பக்கம் எலிக்குஞ்சு மாதிரி கீச் கீச் என்று ஆரம்பித்துவிடும். டாஷ்போர்டின் இடது மூலைதான் என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணியிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைக் கழற்றி, கிளிப் இரண்டை உடைத்து, ஃபெல்ட் என்கிற மெத்தென்ற கம்பளித் துணியை ஒட்டி மாட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது.

அப்புறம் ஒருநாள் பாலக்கோடு பக்கம் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வண்டி தூக்கிப்போட்டபோது, இடது சீட்டில் இருந்த என் மனைவி, மேலே இருக்கும் சாமான் தட்டை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தாள். சத்தம் நின்றது. கையை எடுக்கச் சொன்னேன், கீச். வைக்கச் சொன்னேன், அமைதி. "இதுக்கா அன்னைக்கு டாஷ்போர்டைப் பிரிச்சிப் போட்டீங்க?" என்றாள். ஆசாரி ஸ்குரூ போட்டுக் கட்டிய பிளைவுட் தட்டு, கூரையின் இரும்புச் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தச் சத்தம் சரிவாக நிற்கும் முன்கண்ணாடியில் பட்டுத் திரும்பி, டாஷ்போர்டிலிருந்து வருவதுபோலக் காதில் விழுந்திருக்கிறது.

கேபினுக்குள் காதை நம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். கண்ணாடி, தகரக் கூரை, பிளாஸ்டிக் என்று சுற்றிலும் எதிரொலிக்கும் பரப்புகள். சத்தம் பிறக்கும் இடமும் கேட்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. தேடும் வேலையைக் கைக்குக் கொடுங்கள். எதை அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ, அல்லது மாறுகிறதோ, அங்கேதான் ஆள் ஒளிந்திருக்கிறான்.

தேடப் புறப்படும் முன் வண்டியைக் காலி செய்யுங்கள். குக்கர், தட்டு, டம்ளர், காஸ் அடுப்பு, மடக்கு நாற்காலி, கதவுப் பையில் கிடக்கும் பாட்டில், கிளவ் பாக்ஸில் இருக்கும் சில்லறை, கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழ மாலை வரைக்கும் எல்லாம் இறங்கட்டும். டயரில் காற்று அதிகமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், கல்லு மாதிரி இருக்கும் டயர் நல்ல வண்டியையும் கத்தவைக்கும். தண்ணீர் டேங்கை மட்டும் இரண்டு தடவை சோதியுங்கள், ஒரு தடவை நிரப்பி, ஒரு தடவை காலியாக. 100 லிட்டர் என்றால் 100 கிலோ; அந்த எடை இருக்கும்போது பாடி முறுக்கும் விதமே வேறு, சில சத்தங்கள் அப்போது மட்டும்தான் வரும்.

இரண்டு பேர் வேண்டும். ஓட்டுபவர் ஓட்டட்டும், தேடுவது இடது சீட்டுக்காரர் வேலை, அதுவும் பெல்ட் போட்டுக்கொண்டு. ஓடும்போது பின்னால் எழுந்து போய்த் தேடுவதெல்லாம் கூடாது, பின்பக்கத்தை வண்டி நின்றபிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏசி, ஃபேன், பாட்டு எல்லாம் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கரடுமுரடான ஊர்ச்சாலையில் போங்கள். பென்னாகரம், ராயக்கோட்டை பக்கத்துக் கிராமச் சாலைகளில் ஸ்பீடு பிரேக்கருக்குப் பஞ்சமே இல்லை. தேசிய நெடுஞ்சாலை 44 இதற்கு உதவாது, டயர் இரைச்சலில் கீச்சு அமுங்கிவிடும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தயவுசெய்து இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், அங்கே கவனம் பிரேக்கிலும் முன்னால் போகும் லாரியிலும்தான் இருக்கவேண்டும்.

நின்றபடியே செய்யும் சோதனை ஒன்றும் உண்டு. முன்சக்கரம் ஒன்றை மட்டும் மெதுவாக ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும். இப்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், பில்லரையும் (கூரையைத் தாங்கும் கதவோரத் தூண்) சாமான் தட்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். சமதளத்தில் வாயே திறக்காதது இங்கே கத்தும். ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையால் மூலை முடுக்கெல்லாம் தடவிக்கொண்டே போனால் இன்னும் துல்லியம். அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

சத்தத்தின் ரகத்தைக் கவனிப்பதும் பாதி வேலையை மிச்சப்படுத்தும். கடகட என்றால் ஏதோ லூஸாக இருக்கிறது. கீச் என்றால் இரண்டு பரப்புகள் ஒட்டிப் பிடித்து, நழுவி, மறுபடி ஒட்டுகின்றன, வயலின் நரம்பில் வில் உரசுகிற அதே கதை. கீச்சுக்கு ஸ்குரூவை இன்னும் முறுக்கினால் சில சமயம் கூடுதலாகக் கத்தும். நடுவில் மெத்தென்று ஏதாவது வைப்பதோ, இரண்டையும் தொடாமல் பிரிப்பதோதான் வழி. வெயிலும் குளிரும் இதில் விளையாடும். தேன்கனிக்கோட்டை பக்கத்து மார்கழிக் காலையில் ஒரு சத்தம், சித்திரை வெயிலில் தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தி எடுத்தால் வேறு சத்தம். பிளாஸ்டிக் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். எந்த நேரத்தில் கத்துகிறதோ அந்த நேரத்திலேயே தேடுங்கள்.

கதவுதான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. லாக் போய் மாட்டும் 'ப' வடிவக் கம்பியில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டிப் பாருங்கள், சத்தம் போனால் கண்டுபிடித்தாயிற்று. டேப் சோதனைக்கு மட்டும்தான், சீக்கிரமே பிய்ந்துவிடும். கம்பியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, ஸ்குரூவைத் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி முறுக்குங்கள். பிறகு கதவு முழுசாகப் பூட்டுகிறதா என்று நான்கைந்து தடவை பார்க்கவேண்டும். அடுத்தது ரப்பர் பீடிங், அதாவது கதவோரத்தைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை. ஈரத் துணியால் துடைத்ததும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றால் சந்தேகமே வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் தடவுங்கள். நேராக அடித்தால் முன்கண்ணாடியிலும் பெடலிலும் படும். கண்ணாடியில் பட்டால் மழையில் பார்வை மங்கும், பெடலில் பட்டால் கால் வழுக்கும்.

தேங்காய் எண்ணெய், என்ஜின் ஆயில், துரு விடுவிக்கும் ஸ்பிரே எதையும் ரப்பரில் போடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். எண்ணெய் எதுவானாலும் நம் ஊர் கிரானைட் தூசி அதில் ஒட்டி, ஒரு வாரத்தில் அரைத்த மாவு மாதிரி ஆகிவிடும். அவசரத்துக்கு பஞ்சர் கடையில் ட்யூபுக்குத் தூவுகிற வெள்ளைப் பவுடர் கொஞ்சம் வாங்கித் தடவினால் ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும்.

டாஷ்போர்டு, கிளவ் பாக்ஸ், சன் வைசர் இவற்றுக்கெல்லாம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் ஃபெல்ட் டேப் போதும். அது கிடைக்காவிட்டால் வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கத்தை வெட்டி ஒட்டலாம். சைக்கிள் ட்யூப் துண்டைச் செருகுவார்கள், நானும் செருகினேன், காய்ந்த ரப்பர் பிளாஸ்டிக்கில் உரசி அதுவே புதுக் கீச்சாகிவிட்டது. ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பில்லர் மூடிக்குள் எதையும் திணிக்காதீர்கள், மஞ்சள் நிற ஒயரோ கனெக்டரோ கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். சீட் கத்துகிறதா என்று அறிய இடது சீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி தன் எடையைச் சீட்டிலிருந்து தூக்கினால் போதும். சீட் முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தைத் துடைத்து வெள்ளை கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். சீட்டையும் பெல்ட்டையும் பிடித்திருக்கும் போல்ட்டை மட்டும் நாமாகக் கழற்ற வேண்டாம்.

மாற்றிக் கட்டிய வண்டியில் நிஜமான தலைவலி, கம்பெனி கேபினும் நம் ஆசாரியின் மரவேலையும் சேருகிற இடம். இரும்பு ஆடும், மரம் வேறு மாதிரி ஆடும், நடுவில் ஸ்குரூ மாட்டிக்கொண்டு முனகும். என் தட்டை முழுசாக இறக்கினேன். சட்டத்தில் பட்ட இடத்தில் பிளைவுட் பளபளவென்று தேய்ந்து, விரல் நீளத்துக்குக் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. இப்படிப்பட்ட தேய்மானக் கோடுதான் சாட்சி, அதைத் தேடுங்கள். அந்த ஓரத்தை இழைத்து, மரம் இரும்பைத் தொடும் இடமெல்லாம் ஃபெல்ட் ஒட்டி, ஸ்குரூவுக்குப் பதில் போல்ட், அகல வாஷர், பூட்டு நட் போட்டு ஏற்றினேன். ஃபெல்ட் நசுங்கிப் போகும் அளவுக்கு முறுக்கவில்லை, தட்டு ஆடாத அளவுக்கு மட்டும்.

கீழேயிருந்து வரும் கீச்சு வேறு சங்கதி. ஸ்பிரிங் பட்டை, அதன் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையமான புஷ் பக்கம் தண்ணீர் பீய்ச்சியதும் அடங்கினால் காய்ந்த ரப்பர் புஷ் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங் திருப்பும்போதோ பிரேக் மிதிக்கும்போதோ வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், பால் ஜாயிண்ட் (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) காய்ந்திருக்கலாம், பிரேக் பேட் தீர்ந்திருக்கலாம். அன்றைக்கே மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை, பிறகு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டம். மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது தீர்த்தது என்று தெரியாது. தட்டைச் சரிசெய்த மறுநாள் நாங்கள் ஒகேனக்கல் வரை போனோம். கீச்சு இல்லை. அந்த அமைதியில் இவ்வளவு நாள் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த சன் வைசரின் டிக் டிக் கேட்டது. மனைவி ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி அதை அழுத்தினாள்.