தனிமைத் தொட்டியில் கடல் மீன்களுக்கு ஒட்டுண்ணி நீக்கும் முறை: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

புதிதாக வாங்கிய கடல் மீனின் உடலில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றி, மூன்று நான்கு நாட்களில் தாமாகவே மறைந்துவிட்டால், நோய் தீர்ந்தது என்று பலரும் சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் ஒட்டுண்ணி பெருகத் தொடங்கியிருக்கிறது. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகாரியான் இர்ரிட்டன்ஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி, மீனின் தோலிலும் செவுளிலும் புதைந்து சில நாட்கள் உண்டு வளர்கிறது. பிறகு உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி உறை அமைத்துக்கொள்கிறது. உறைக்குள் பலவாகப் பிரிந்து, நீந்தும் நுண்ணுயிர்களாக வெளிவந்து, ஓரிரு நாட்களுக்குள் வேறொரு மீனைத் தேடிப் பற்றுகிறது. இந்நோய்க்குப் பயன்படும் காப்பர் (செம்பு) மருந்து கொல்வது இந்த நீந்தும் நிலையை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் அது தொடுவதில்லை. எனவே சிகிச்சை எப்போது முடிகிறது என்பதைப் புள்ளிகளைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. மருந்தின் அளவு எத்தனை நாள் குறையாமல் இருந்தது என்பதை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

படி 1: தொட்டியை ஆயத்தம் செய்தல்

புதிய மீனை மற்ற மீன்களிடமிருந்து பிரித்து வைத்துச் சிகிச்சை தரும் தொட்டியே தனிமைத் தொட்டி. சிறிய மீன்களுக்கு 40 முதல் 80 லிட்டர் கொள்ளும் வெறும் கண்ணாடித் தொட்டி போதும். ஹீட்டர், வெப்பமானி, காற்றுப் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ளப் பிவிசி குழாய்த் துண்டுகள், மேலே ஒரு மூடி ஆகியவை தேவை. மணலும் லைவ் ராக்கும் (நுண்ணுயிர்கள் வாழும் கடற்பாறைத் துண்டுகள்) கூடாது. சுண்ணாம்புத் தன்மையுள்ள பொருட்கள் காப்பரை உறிஞ்சிக்கொள்வதால் நீரில் எவ்வளவு மருந்து எஞ்சியுள்ளது என்பது தெரியாமல் போகும். அதே காரணத்தால் நீரை வடிகட்டப் பயன்படும் ஆக்டிவேட்டட் கார்பனையும் (கரித்துண்டுகள்) எடுத்துவிட வேண்டும். ஸ்பாஞ்சில் நன்மை செய்யும் பாக்டீரியா முன்கூட்டியே வளர்ந்திருக்க வேண்டும். மீன் வந்த பிறகு அதை வளர்க்க முயல்வது மீனை அதன் கழிவிலிருந்து உண்டாகும் நச்சான அம்மோனியாவில் விடுவதற்குச் சமம்.

நீரின் உண்மையான கொள்ளளவை இப்போதே கணக்கிட்டுக் குறித்துவையுங்கள். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீர் உயரம் என்றால் மூன்றையும் பெருக்கி 1000 ஆல் வகுக்க 54 லிட்டர் வரும். கடையில் சொன்ன தொட்டி அளவை வைத்து மருந்து போடக் கூடாது. நீர்மட்டம் நிற்கும் இடத்தில் கண்ணாடியின் வெளிப்புறம் ஒரு கோடு இடுங்கள். அதன் பயன் பின்னால் தெரியும்.

வலை, குழாய், வாளி எல்லாம் இந்தத் தொட்டிக்கென்றே தனியாக இருக்க வேண்டும். காற்றில் தெறிக்கும் நீர்த்துளிகள் வழியாகவும் ஒட்டுண்ணி பரவக்கூடும் என்பதால், மற்ற மீன்கள் வாழும் காட்சித் தொட்டியிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி வைப்பது நல்லது. வேறு அறையாக இருந்தால் இன்னும் நல்லது.

படி 2: மீனைக் கவனித்தல்

மீனை விட்டபின், அது உணவு எடுக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். உண்ணும் மீன் மருந்தைத் தாங்கும். உண்ணாத மீனுக்கு ஓரிரு நாள் அமைதி கொடுத்துத் தொடங்குவதே என் பரிந்துரை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. மீன் வேகமாக மூச்சுவிடுகிறது, நீரோட்டத்துக்கு எதிரே முகம் வைத்து நிற்கிறது, வெளிச்சத்தை விட்டு விலகுகிறது, உடலில் மெல்லிய பொன்னிறத் தூள் படிந்ததுபோல் தெரிகிறது என்றால், அது அமிலூடினியம் ஒசெல்லேட்டம் உண்டாக்கும் வெல்வெட் நோயாக இருக்கலாம். அது முதலில் செவுளையே தாக்குவதால், தோலில் எதுவும் தெரியாமலே மீன் சில நாட்களில் இறந்துவிடக்கூடும். இந்த அறிகுறிகள் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

காப்பருக்குப் பணியாத நோய்களும் உண்டு. கோமாளி மீன்களின் உடலில் தடித்த சளி உரிந்து தொங்கினால் அது பெரும்பாலும் புரூக்ளினெல்லா என்ற வேறோர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. அதற்குக் காப்பர் பயன்படாது, ஃபார்மலின் குளியல் தேவைப்படும். ஃபார்மலின் மனிதருக்கும் நஞ்சு என்பதால், தொடக்கநிலையினர் அனுபவமுள்ளவர் அல்லது கால்நடை மருத்துவரின் துணையின்றி அதைக் கையாள வேண்டாம்.

படி 3: காப்பர் சிகிச்சை

காப்பர் மருந்துகள் இரு வகை: நீரில் தனி அயனியாகவே இருக்கும் அயனிக் காப்பர், வேறொரு சேர்மத்துடன் பிணைக்கப்பட்ட கீலேட்டட் காப்பர். இரண்டுக்கும் வேண்டிய அளவு முற்றிலும் வேறு என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அயனிக் காப்பர் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அளவிலேயே வேலை செய்கிறது. அதைச் சற்றுத் தாண்டினாலும் மீனுக்கு ஆபத்து. கீலேட்டட் வகை பெரும்பாலும் லிட்டருக்கு 2 மில்லிகிராமை ஒட்டிய அளவில் பயன்படுத்தப்படுகிறது. பிழைக்கு இடம் தருவது இரண்டாவது வகை என்பதால் புதியவர்களுக்கு நான் அதையே சொல்வேன். எதை வாங்கினாலும் அதன் லேபிளில் உள்ள இலக்கு அளவே இறுதியானது. அந்த வகையை அளக்கக்கூடிய சோதனைக் கருவியையும் சேர்த்தே வாங்க வேண்டும். வண்ண அட்டையைக் கண்ணால் ஒப்பிடுவதைவிட, எண்ணாகக் காட்டும் மின்னணு அளவி எவ்வளவோ மேல். கருவி இல்லாமல் காப்பர் போடுவதைவிடப் போடாமல் இருப்பது மீனுக்கு நல்லது.

மொத்த மருந்தையும் ஒரே நாளில் ஊற்றாமல், மூன்று நான்கு நாட்களில் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் போட்ட பிறகு நன்கு கலக்கவிட்டு அளந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெல்வெட் என்ற ஐயம் இருந்தால் மட்டும் இன்னும் விரைவாக உயர்த்த வேண்டியிருக்கும். இலக்கு அளவை எட்டிய நாளே முதல் நாள். அங்கிருந்து 30 நாட்கள், ஒரு நாளும் குறையாமல், அந்த அளவு நிலைத்திருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் குறைந்துவிட்டால், அந்த இடைவெளியில் நீந்தி வந்த ஒட்டுண்ணி மீனுக்குள் பாதுகாப்பாகச் சென்றிருக்கும்; ஆகவே கணக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அளவு குறைவது பெரும்பாலும் நீர் மாற்றும்போதுதான். புதிய உப்புநீரில் அதே அளவு காப்பரை வாளியிலேயே கலந்து, அளந்து பார்த்து, பிறகு ஊற்றுங்கள். ஆனால் ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுசெய்யும்போது காப்பர் சேர்க்கக் கூடாது. உப்பைப் போலவே காப்பரும் ஆவியாவதில்லை என்பதால், கண்ணாடியில் இட்ட கோடு வரை வெறும் நன்னீரை ஊற்றினால் போதும்.

அம்மோனியாவை நாள்தோறும் அளக்க வேண்டும். அது ஏறினால் நீரை மாற்றுவதே வழி. அம்மோனியாவை முறிக்கும் ரசாயனங்களில் பல காப்பரின் நச்சுத்தன்மையைக் கூட்டக்கூடியவை. இரண்டையும் ஒரே நீரில் சேர்க்காதீர்கள். சுறா, திருக்கை, இறால், நண்டு, நத்தை, பவளம் ஆகியவற்றுக்குக் காப்பர் எந்த அளவிலும் கூடாது. ஏஞ்சல், ராஸ் போன்ற மீன்களில் சில இனங்கள் காப்பரைச் சிரமத்துடன் தாங்குபவை. அவற்றுக்கு இன்னும் மெதுவாக உயர்த்துங்கள். மீன் உண்பதை நிறுத்தினால் முதலில் அளவைச் சரிபாருங்கள்.

படி 4: தட்டைப்புழுக்களுக்கு பிராசிகுவான்டெல்

தோலிலும் செவுளிலும் ஒட்டும் தட்டைப்புழுக்களைக் காப்பர் நம்பத்தக்க வகையில் கொல்வதில்லை. அதற்கு லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் பிராசிகுவான்டெல் என்ற புழுக்கொல்லி மருந்து வேண்டும். மேலே சொன்ன 54 லிட்டர் தொட்டிக்கு 135 மில்லிகிராம். அது நீரில் எளிதில் கரையாது. சிறிய புட்டியில் தொட்டி நீருடன் நன்கு குலுக்கி, நீரோட்டம் மிகுந்த இடத்தில் ஊற்றுங்கள். மருந்து இருக்கும்போது நீரில் ஆக்ஸிஜன் குறையக்கூடும் என்பதால் காற்றுப் பம்ப் முழு வேகத்தில் ஓட வேண்டும். புழுவின் முட்டைகளை இம்மருந்து கொல்லாது. ஆகவே ஐந்து முதல் ஏழு நாட்கள் கழித்து, நீரில் ஒரு பகுதியை மாற்றிவிட்டு, இரண்டாம் முறை போட வேண்டும். இரு மருந்துகளையும் ஒன்றாகப் போடுபவர்கள் உண்டு. பக்கவிளைவு எதனால் வந்தது என்று தெரிய வேண்டுமென்றால், காப்பரை முடித்த பிறகு இதைத் தொடங்குங்கள்.

படி 5: வேறு தொட்டிக்கு மாற்றிக் கண்காணித்தல்

வெண்புள்ளியின் உறைகள் 72 நாட்கள் வரை தாமதித்துப் பொரிந்ததாகவும் ஆய்வுப் பதிவு உள்ளது. எனவே 30 நாள் முடிந்ததும் அதே தொட்டியில் காப்பரை நீக்குவதைவிட, கழுவி முழுவதும் உலர்த்திய வேறொரு தொட்டிக்கு மீனை மாற்றுவது பாதுகாப்பானது. மருந்தற்ற நீரில் இரண்டு வாரம் கண்காணியுங்கள். பிராசிகுவான்டெல் சிகிச்சையையும் இந்தக் காலத்திலேயே முடித்துவிடலாம். அறிகுறி எதுவும் இல்லையென்றால் மீனை மட்டும் வலையில் எடுத்துக் காட்சித் தொட்டிக்கு மாற்றுங்கள். தனிமைத் தொட்டியின் நீர் சிறிதும் அங்கே போகக் கூடாது. பழைய தொட்டியையும் கருவிகளையும் கழுவி, எலும்புபோல் காயும் வரை உலர்த்தி வையுங்கள். காப்பர் நீரில் இருந்த ஸ்பாஞ்சையும் குழாய்த் துண்டுகளையும் இறாலோ பவளமோ உள்ள தொட்டியில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.