குளிர்காலத்தில் ஒருவர் காசு கேட்டால் என்ன செய்வது

கையுறை போட்ட கையால் பாக்கெட்டிலிருந்து சில்லறை எடுத்துப் பாருங்கள். வராது. விரல் தடித்துப்போய் நாணயம் எது சாவி எது என்றே தெரியாது. குளிர்காலத்தில் நாம் பலரைக் கண்டுகொள்ளாமல் கடந்து போவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கையுறைதான் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. பர்ஸ் உள்பாக்கெட்டில், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட், ஜிப் கழுத்து வரை ஏறியிருக்கிறது, தோளில் பை, முகத்தில் அறைகிற காற்று. இதையெல்லாம் பிரித்து எடுக்க அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தை நினைத்த உடனேயே தலை தானாகக் குனிந்துகொள்கிறது, கால் வேகம் பிடிக்கிறது.

நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம், ரயில் நிலைய வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டதும் நின்றுவிட்டேன். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "விடுங்க தம்பி, கையுறையைக் கழட்டாதீங்க, விரல் விறைச்சிடும். அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். அவருடைய இரண்டு கையும் சட்டைக் கைக்குள் சுருட்டி வைத்திருந்தன, கையுறை கிடையாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து செய்த ஏற்பாடுகள்தான் கீழே இருப்பவை.

வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள்

கொடுப்பதா வேண்டாமா என்ற யோசனையைத் தெருவில் நின்று செய்யாதீர்கள். குளிரில் யாருக்கும் நல்ல யோசனை வராது. வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை வைத்துக்கொள்ளுங்கள். அது பெரிதோ சிறிதோ, உங்கள் வசதி. அதைச் சின்ன நோட்டுகளாக மாற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக மடித்து, ஜாக்கெட்டின் வெளிப்பாக்கெட்டில் போட்டுவிடுங்கள். நாணயம் வேண்டாம், கையுறையிலிருந்து நழுவி விழும், அப்புறம் இரண்டு பேரும் குனிந்து தரையில் தேட வேண்டியிருக்கும். மடித்த நோட்டு என்றால் கையுறையோடேயே இரண்டு விரலில் பிடித்து எடுத்துவிடலாம். பாக்கெட் காலியானால் அந்த வாரத்துக்கு அவ்வளவுதான், குற்ற உணர்ச்சி எதுவும் தேவையில்லை. ஜாக்கெட் மாற்றிப் போடும்போது அந்த நோட்டுகளையும் மாற்ற மறக்காதீர்கள், நான் மாதத்துக்கு இரண்டு முறையாவது மறக்கிறேன்.

பர்ஸை வெளியே எடுக்காமல் இருப்பதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. கேட்பவர் முன்னால் பர்ஸைத் திறந்தால் அதில் இருப்பது இரண்டு பேர் கண்ணுக்கும் படும், கொடுக்கிற தொகை உடனே சின்னதாகிவிடும். கூட்டமான இடமென்றால் வேறு யார் கண்ணுக்கும் படலாம்.

இப்போதெல்லாம் பலர் காசே எடுத்து வருவதில்லை. போனில் அனுப்பலாம்தான், கேட்பவரிடமே கியூஆர் அட்டை இருக்கிற இடங்களும் உண்டு. ஆனால் குளிரில் போன் நம் பேச்சைக் கேட்காது. சாதாரணக் கையுறைக்குத் தொடுதிரை மசியாது, லித்தியம் பேட்டரி குளிரில் வலு இழந்துவிடும், முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் பட்டென்று அணைந்துபோனதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் நாலு நோட்டு எப்போதும் இருக்கட்டும். அவசரமாகப் பேச வேண்டும் என்று யாராவது போன் கேட்டால் கையில் கொடுக்காதீர்கள், எண்ணைச் சொல்லச் சொல்லி நீங்களே போட்டு ஸ்பீக்கரில் பேச விடுங்கள்.

யாருக்கு?

பாத்திரமறிந்து பிச்சையிடு என்று ஒரு பழமொழி இருக்கிறது. அந்த வேலையை நான் விட்டுவிட்டேன். மைனஸ் டிகிரியில் நடைபாதையில் நின்றுகொண்டு ஒருவருடைய ஊர், பேர், கஷ்டம், நிஜமா பொய்யா என்று விசாரிப்பது எனக்குச் சரியாக வரவில்லை, அதற்கான தகுதியும் எனக்கில்லை. "பஸ்ஸுக்குக் காசு குறையுது" என்று சொல்பவர் மூன்று வாரமாக அதே பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கிறார் என்று தெரிந்தாலும், பனியில் மூன்று வாரம் நிற்பதே ஒரு கஷ்டம்தானே. கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள், தோன்றாவிட்டால் கதையைக் குறை சொல்லாமல் நகருங்கள். கதை பெரிதாகி, தொகையும் பெரிதாகி, "உடனே, இப்பவே" என்று அவசரமும் சேர்ந்தால் மட்டும் நான் காசு கொடுக்காமல் நிறுத்திக்கொள்வேன். டிக்கெட்தான் வேண்டுமென்றால் கவுன்டர் வரை வாருங்கள், எடுத்துத் தருகிறேன் என்பேன்.

"குடிக்கத்தான் போகிறார்" என்ற பேச்சு அடுத்தது. கொடுத்த காசு அவருடையது, என்ன செய்கிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்க்க முடியாது. ஆனால் மதுவையும் குளிரையும் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். குடித்தால் சூடு ஏறுவதுபோல் இருக்கும். நிஜத்தில் தோலில் இருக்கிற ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளே இருக்கிற சூடு வெளியே போகிறது. உடம்பைக் காப்பாற்றும் நடுக்கமும் குறைகிறது. அதனால் குளிர் இரவில் குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று நாம் தாண்டிப் போகிற ஆள்தான் அந்தத் தெருவிலேயே அதிக ஆபத்தில் இருப்பவர்.

இல்லை என்று சொல்ல

இதற்குத்தான் பலருக்கு வார்த்தை வருவதில்லை. முகத்தைப் பார்த்து, "இன்னைக்கு முடியாதுங்க" என்று சொல்லுங்கள். போதும். பாக்கெட்டில் குலுங்க வைத்துக்கொண்டு "சில்லறை இல்லை" என்று சொல்ல வேண்டாம், சத்தம் அவருக்கும் கேட்கும். "உழைச்சுச் சாப்பிடலாமே" போன்ற அறிவுரை வேண்டவே வேண்டாம். கேட்காத மாதிரி போனைக் காதில் வைத்துக்கொள்வது எனக்கும் பழக்கமாக இருந்தது, ஒரு முறை அப்படி வைத்திருக்கும்போதே போன் மணி அடித்துத் தொலைத்தது, அதோடு விட்டேன். கொடுக்கும்போதும் தூக்கிப் போடாமல் கையிலோ டப்பாவிலோ வையுங்கள். படம் எடுக்காதீர்கள்.

காசுக்குப் பதிலாக

முதலில் கேளுங்கள். "ஏதாவது வேணுமா?" என்று ஒரே ஒரு கேள்வி. நான் கேட்காமல் வாங்கிக் கொடுத்த ரொட்டியை ஒருவர் வாங்கிக்கொண்டு, கூச்சத்தோடு வாயைத் திறந்து காட்டினார். முன்பற்கள் நான்கு இல்லை, ஈறு வீங்கியிருந்தது. குளிரில் கல்லாகிப்போன ரொட்டியை அவர் எதைக் கொண்டு கடிப்பார்? அதற்கப்புறம் மெதுவானதாக, சூடாக ஏதாவது பார்க்கிறேன். சர்க்கரை போடலாமா என்றும் கேட்டுக்கொள்கிறேன், சர்க்கரை நோய் அவர்களுக்கும் வரும்.

பொருளாகக் கொடுப்பதென்றால் என் முதல் தேர்வு காலுறை. கோட்டு, ஸ்வெட்டர் எல்லாம் யாராவது கொடுத்துவிடுவார்கள், காலுறையை யாரும் நினைப்பதில்லை. அது தினமும் நனைகிறது, துவைத்துக் காயப்போட இடமில்லை. ஈரக் காலோடு நாள் முழுக்க இருந்தால், வெளியே உறைபனியே இல்லாமல் 10, 15 டிகிரி இருந்தால்கூடப் பாதம் மரத்து, வெளுத்து, தோல் உரிந்து புண்ணாகிவிடும். பருத்தி வேண்டாம், நனைந்தால் சூட்டைப் பிடித்து வைக்காது. கம்பளி கலந்ததாக, பெரிய அளவாக வாங்குங்கள், இறுக்கமான காலுறை ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். புதிதாக, லேபிளோடு கொடுத்தால் வாங்குபவருக்கும் மரியாதை. கையுறையில் ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட, நாலு விரலும் ஒரே உறைக்குள் இருக்கும் வகைதான் அதிக சூடு தரும். போர்வை கொடுப்பவர்கள் கீழே விரிக்க எதுவும் தருவதில்லை. தரைதான் சூட்டை உறிஞ்சும். மேலே இரண்டாவது போர்வையைவிடக் கீழே நாலு மடிப்பு காய்ந்த அட்டைப்பெட்டி பல நேரம் உபயோகம்.

கூடாரத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ எரிக்கக் கரியும் அடுப்பும் மட்டும் கொடுக்காதீர்கள். மூடிய இடத்தில் அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

எப்போது நிற்க வேண்டும்

இதை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், காசு கொடுக்கிறீர்களோ இல்லையோ.

உடம்பின் உள் சூடு சாதாரணமாக 37 டிகிரியை ஒட்டி இருக்கும். 35-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது. இதற்கு வெளியே பனி கொட்ட வேண்டும் என்றில்லை. துணி நனைந்து, காற்றும் அடித்தால் 10 டிகிரியிலும் நடக்கும், வயதானவர்களுக்குச் சீக்கிரம் நடக்கும். முதலில் கடுமையாக நடுங்குவார். அப்புறம் பேச்சு குழறும், கை தடுமாறும், நடை தள்ளாடும், பார்த்தால் குடித்தவர் மாதிரியே இருக்கும், இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். இன்னும் சூடு இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். "இப்போ பரவாயில்லை போல" என்று நாம் நினைப்பதும் அப்போதுதான், நிஜத்தில் உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் சிலர் உடம்பு எரிகிறது என்று போட்டிருக்கும் சட்டையைக்கூடக் கழற்றிப் போடுவார்கள். குளிரில் அரைகுறை ஆடையோடு குழம்பிப்போய் இருப்பவரைப் பார்த்தால் பைத்தியம் என்று ஒதுங்காதீர்கள்.

ஓரடி தள்ளி நின்று, கொஞ்சம் சத்தமாக, "ஐயா, கேக்குதா? நல்லா இருக்கீங்களா?" என்று கேளுங்கள். தூங்குகிறவர் திட்டுவார். திட்டினால் நல்லது, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம். பதில் இல்லை, அல்லது குழறுகிறது என்றால் உடனே உங்கள் நாட்டின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள். எண் தெரியாத ஊரில் இருந்தால் மொபைலில் 112 அழுத்துங்கள், பல நாடுகளில் அது அவசர சேவைக்குப் போய்ச் சேரும். பக்கத்தில் இருக்கிற பலகை, கதவு எண், பேருந்து நிறுத்தம், எதையாவது அடையாளம் சொல்லுங்கள்.

வண்டி வருகிற வரை காற்று படாமல் மறையுங்கள். கீழே எதையாவது விரியுங்கள், மேலே போர்த்துங்கள், தலையையும் மூடுங்கள். நனைந்த துணியை மெதுவாக எடுத்துவிட்டுக் காய்ந்ததைப் போட முடிந்தால் நல்லது. கைகாலைச் சூடு பறக்கத் தேய்க்காதீர்கள், நெருப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போகாதீர்கள், எழுப்பி நடக்க வைக்காதீர்கள். இப்படிக் குளிர்ந்துபோன இதயம் சின்ன அதிர்ச்சிக்கே தடம் மாறும். நல்ல நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் சூடாக, இனிப்பாக ஏதாவது கொடுங்கள். மது கூடாது.

உங்கள் பக்கமும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏடிஎம் வாசலில் யாருக்கும் கொடுக்காதீர்கள், எடுத்த பணத்தை உள்ளேயே பர்ஸில் வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். ஒருவர் பின்தொடர்ந்தால் பேச்சு வளர்க்காமல் வெளிச்சமும் ஆளும் இருக்கிற கடைக்குள் நுழையுங்கள். மனசு ஏதோ சரியில்லை என்று சொன்னால் நிற்கவே வேண்டாம், கூப்பிடும் வேலையைத் தெருவின் எதிர்ப்பக்கம் இருந்தும் செய்யலாம்.

அப்புறம், பழைய கோட்டு. கொடுப்பதற்கு முன் ஜிப்பை இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள், ஜிப் போன கோட்டு காற்றில் வெறும் துணிதான். பாக்கெட்டுகளையும் தடவிப் பாருங்கள். நான் ஒரு முறை வீட்டுச் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கதவுக்கு வெளியே நின்றேன். மறுநாள் காலை அவசரமாகப் போனால், என் கோட்டைக் கழுத்து வரை மூடிக்கொண்டு அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார், சாவியை ஒரு நூலில் கட்டி விரலில் மாட்டியிருந்தார். "நேத்து ராத்திரியே வருவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.