புது டூல், ஹேக்கத்தான்: வெப் டெவலப்பர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப் பக்கங்களைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியான ரியாக்ட்டைப் படிக்க உட்காருகிறவர்களில் பலர், யூடியூபில் முதலில் வந்த வீடியோவைத் தேதிகூடப் பார்க்காமல் ஓடவிடுகிறார்கள். அதில் பேசுகிறவர், புது புராஜெக்ட் தொடங்கித் தரும் டூலான 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்று டைப் செய்யச் சொல்வார், நாமும் செய்வோம், வரிசையாக எச்சரிக்கைகள் வந்து விழும். அந்த டூலுக்கு ரியாக்ட் குழுவே 2025 பிப்ரவரியில், புது ஆப்புகளுக்கு இனி வேண்டாம் என்று விடை கொடுத்து அனுப்பிவிட்டது. புதிதாகத் தொடங்கினால் நெக்ஸ்ட் மாதிரி ஒரு ஃபிரேம்வொர்க் (ஆப்புக்கான தயார் சட்டகம்), இல்லாவிட்டால் வீட் மாதிரி ஒரு பில்டு டூல் (கோடை பிரௌசரில் ஓடும்படி தயாராக்குவது) போதும் என்கிறார்கள். வீடியோ பாருங்கள், தப்பில்லை, அதற்கு முன்னால் டூலின் சொந்த டாக்குமெண்டேஷனில் முதல் பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, ஜாவாஸ்கிரிப்ட் சரியாகப் பிடிபடும் முன்பே ஃபிரேம்வொர்க்குக்குத் தாவுவது. சர்வரிடமிருந்து தகவல் வாங்க ஜாவாஸ்கிரிப்டில் இருக்கும் ஃபெட்ச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர் 404 (கேட்டது இல்லை) அனுப்பினாலும் 500 (சர்வரில் கோளாறு) அனுப்பினாலும் ஃபெட்ச் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாது, கோடு, பிழையைக் கையாளும் கேட்ச் பக்கமே போகாது. நெட்வொர்க் கிடைக்காதது, கார்ஸ் (வேறு தளத்திலிருந்து தகவல் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் பிரௌசர் விதி) தடுப்பது மாதிரியான நேரங்களில்தான் போகும். மற்றபடி, பதில் நல்லபடி வந்ததா என்று சொல்லும் 'ரெஸ்பான்ஸ் டாட் ஓகே' உண்மையா என்று நாம்தான் எழுதிப் பார்க்க வேண்டும். இதே வேலையைச் செய்யும் ஆக்சியோஸ் லைப்ரரி அப்படியில்லை, 404 வந்தாலே கேட்ச்சுக்கு அனுப்பிவிடும், அதனால் அதில் பழகிவிட்டு ஃபெட்ச்சுக்கு வருகிறவர்கள், திரையில் ஏன் ஒன்றுமே வரவில்லை என்று ரியாக்ட்டின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு பாதி ராத்திரி உட்கார்ந்திருப்பார்கள்.

ராத்திரி என்றதும் ஹேக்கத்தான், அதாவது அணிகளாகச் சேர்ந்து குறுகிய நேரத்தில் ஒரு ஆப் கட்டும் போட்டி. நூறு பேர் ஒரே வைஃபையில் தொங்கும் இடத்தில் போய், லைப்ரரிகளை இறக்க என்பிஎம் இன்ஸ்டால் அடித்துக் காத்திருக்காதீர்கள். நோட் ஜேஎஸ் (பிரௌசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்), எடிட்டர், டேட்டாபேஸ் எல்லாம் வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு போங்கள் (முன்கூட்டியே கோடு எழுதலாமா என்பதற்கு மட்டும் விதிகளைப் பாருங்கள்). அப்புறம் அந்த லாகின் பக்கம்! பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி வரை கட்டிவிட்டு, முக்கியமான வேலைக்கு நேரமில்லாமல் போகும் அணிகள்தான் அதிகம். லாகினைப் பார்த்து எந்த நடுவர் மார்க் போடப்போகிறார்? ஒரு டம்மி யூசர் போதும்.

அவசரத்தில் ஏபிஐ கீ (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி) இருக்கும் ஃபைலை, கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிட்டு, அடுத்த கமிட்டில் (மாற்றங்களின் பதிவில்) அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பதும் உண்டு. ஆகாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். முதலில் அந்தக் கீயையே ரத்து செய்துவிட்டுப் புதியது வாங்குங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம்.

ஹேக்டோபர்ஃபெஸ்ட் மாதிரி, பொதுவில் திறந்திருக்கும் கோடுக்குப் பங்களிக்கும் ஓப்பன் சோர்ஸ் நிகழ்வுகளில் வேறு கதை. 2020இல் பரிசாகக் கிடைக்கும் ஒரு டி-ஷர்ட்டுக்காக, புராஜெக்ட்டின் அறிமுகமான ரீட்மீ ஃபைலில் ஒரு வார்த்தையைச் சேர்த்து ஆளாளுக்குப் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்ப, அந்தப் புராஜெக்ட்டுகளின் பராமரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில், விருப்பம் தெரிவித்த புராஜெக்ட்டுகள் மட்டுமே கணக்கில் வரும் என்று அதை நடத்திய டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடுவிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. முதலில் புராஜெக்ட்டில் இன்னும் தீராமல் இருக்கும் இஷ்யூ (பிழைப் புகார்) ஒன்றை எடுத்து, நம் மெஷினில் அந்தப் பிழை வருகிறதா என்று ஓட்டிப் பார்த்து, 'இதை நான் செய்யட்டுமா' என்று அங்கேயே கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பதில் வர இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.