'புட் ஓஃப்': ஒத்திவைப்பா, ரத்தா?

நிலாவெளியில் காற்று எழும்பிவிட்டால் புறாத்தீவுக்குப் படகு போகாது. முற்பணம் கட்டிய வெளிநாட்டவருக்கு அந்த நேரத்தில் அவசரமாகத் தட்டிவிடும் வாட்ஸ்அப் செய்தியில்தான் 'புட் ஓஃப்' (put off) என்ற ஆங்கில வினை அதிகம் காலை வாரும். 'புட் ஓஃப்' என்றால் வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தாயிற்று, பயணம் உண்டு. 'கோல் ஓஃப்' (call off) என்றால் பயணமே இல்லை. 'த டிரிப் இஸ் கோல்ட் ஓஃப்' என்று அனுப்பிவிட்டு, நாளைக்கு ஆள் வரும் என்று காத்திருக்க முடியாது. வாசித்தவர் காசைத் திருப்பிக் கேட்பார். கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

எழுத வேண்டிய வசனம் இது: 'த டிரிப் ஹாஸ் பீன் புட் ஓஃப் அன்டில் சட்டர்டே.' எந்த நாள் வரை என்பதற்கு 'அன்டில்'. எவ்வளவு காலம் என்பதற்கு 'ஃபோர் அ வீக்'.

தள்ளிப்போவது பயணம்தான், ஆளல்ல. அதை மறந்து 'யூ ஆர் புட் ஓஃப்' என்று எழுதினால், 'உங்களுக்கு இதில் வெறுப்புத் தட்டிவிட்டது' என்றுதான் விளங்கும். காரணம், இந்த வினைக்கு இன்னொரு முகம் உண்டு: மனதை முறிப்பது, ஆசையைக் கெடுப்பது. கருவாட்டு வாடை பிடிக்காமல் சாப்பாட்டை ஒதுக்குகிறவர் 'த ஸ்மெல் புட் மீ ஓஃப் மை ஃபூட்' என்பார். பந்தை உதைக்கப் போகிறவனுக்குப் பக்கத்தில் நின்று கத்தினால் 'டோன்ட் புட் மீ ஓஃப்' என்பான். அங்கே கவனத்தைக் குலைக்காதே என்று பொருள். இதிலிருந்து பிறந்த பெயரடையில் சொற்கள் இடம் மாறும், நடுவில் சிறுகோடும் வரும்: 'ஓஃப்-புட்டிங்'. 'புட்டிங்-ஓஃப் ஸ்மெல்' என்று எழுதுவது பிழை.

இலக்கணத்தில் பலர் சறுக்கும் இடம் 'இட்'. பெயர்ச்சொல் என்றால் 'புட் ஓஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஓஃப்' இரண்டும் சரி. 'இட்', 'தெம்', 'ஹிம்' வந்தால் நடுவில் மட்டும்தான்: 'புட் இட் ஓஃப்'. 'புட் ஓஃப் இட்' என்று ஒருவரும் பேசுவதில்லை. உச்சரிக்கும்போது அழுத்தம் 'ஓஃப்'பில் விழ வேண்டும்.

அடுத்தது, பின்னால் வரும் வினை. கொழும்பு இரவு ரயிலுக்கு ஆசனம் பதியாமல் நாளைக் கடத்துகிறவரிடம் 'டோன்ட் புட் ஓஃப் புக்கிங்' என்று சொல்ல வேண்டும். 'புட் ஓஃப் டு புக்' என்பது தமிழில் 'பதிய' என்று நினைத்து ஆங்கிலத்தில் 'டு' போடுவதால் வரும் பிழை. இறந்தகாலத்திலும் 'புட்'தான், 'புட்டட்' என்று ஒரு சொல் கிடையாது. அதனால் காலத்தைக் காட்ட 'யெஸ்டர்டே' போன்ற சொல்லையோ 'ஹாஸ்', 'வாஸ்' போன்ற துணைவினையையோதான் நம்ப வேண்டும்.

விளக்கு விசயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். 'புட் ஓஃப் த லைட்' பழைய பிரித்தானிய வழக்கு, முற்றாகப் பிழையென்று அடிக்க முடியாது. ஆனாலும் பரீட்சைத் தாளில் 'டேர்ன் ஓஃப்', 'சுவிட்ச் ஓஃப்' என்றால் சண்டையே இல்லை. வீட்டில் 'லைட்டை ஓஃப் பண்ணு' என்கிறோமே என்று 'ஓஃப் த லைட்' என எழுதினால்தான் புள்ளி போகும், ஏனென்றால் அதில் வினையே இல்லை. நெருப்பை அணைக்க 'புட் அவுட்'.

கச்சேரிக்கோ (மாவட்டச் செயலகம்) பாடசாலை அதிபருக்கோ எழுதும் கடிதத்தில் 'புட் ஓஃப்' சற்று வீட்டுப் பேச்சாகத் தெரியும். அங்கே 'போஸ்ட்போன்' போதும்; ரத்துக்கு 'கான்சல்'. 'போஸ்ட்போன் ஓஃப்' என்று இரண்டையும் கலக்கக் கூடாது.