நெஞ்செரிவும் தீராத இருமலும்: இரவில் என்ன செய்யலாம்

உவர்மலையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு மாதக்கணக்கில் இருமல். காசநோய் இல்லை என்றார்கள், கடைசியில் சளியிலுள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது, காசநோய்க் கிருமியின் அதே மைக்கோபாக்டீரியக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கிருமி, மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பது, காசநோய் மாதிரி ஆளுக்கு ஆள் தொற்றுவது மிக அரிது. வருடக்கணக்காக நெஞ்செரிவும் உண்டு. இவை இரண்டும் சேர்ந்தே பலரிடம் இருக்கின்றன: படுத்திருக்கும்போது மேலேறும் இரைப்பை நீர் துளித்துளியாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம், எரிவே தெரியாமலும்.

சரி, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துங்கள். தலையணையை அடுக்க வேண்டாம், வயிறு மடிந்து இன்னும் அமுக்கும். படுக்க 3 மணித்தியாலம் முன்பே சாப்பாட்டை முடியுங்கள். பெரியம்மா இரவு 10 மணிக்குப் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டு அப்படியே சாய்கிறவர், அதை 7 மணிக்குக் கொண்டுவரவே வீட்டில் ஒரு சண்டை. இடப்பக்கம் சரிந்து படுங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம், அது புளிப்பைத்தான் குறைக்கும், மேலேறுவதை நிறுத்தாது. சளியில் இரத்தம், உடல் மெலிவு, இரவு வியர்வை என்றால் உடனே மார்பு நோய் வைத்தியரிடம் போங்கள், அவர் கேட்காவிட்டாலும் நெஞ்செரிவையும் சொல்லிவிடுங்கள்.